இரண்டு பங்கு வெயில்

சின்னவளின் கணுக்கால் எலும்பில் விரிசல் விழக் காரணம் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அவள் வீட்டுக் குளியலறைத் தரையில் கிடந்த ஒரு சோப்புத் துண்டு. லைன் இன்ஸ்பெக்டராக இருபது வருஷத்துக்கு மேல் தொலைபேசிக் கம்பங்களுக்கு அடியிலும் கேபிள் குழிகளின் விளிம்பிலும் நடந்து, ஒரு கீறல்கூடப் படாமல் ஓய்வு பெற்றவள் அவள். "குழியெல்லாம் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போச்சு, சோப்பு மட்டும் மரியாதை தெரியாம நடந்துக்கிச்சு" என்று விழுந்த இடத்திலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தாள்.

அக்கா என்றால் கால் மணி நேரத்துக்கு மூத்த அக்கா. இருவரும் இரட்டையர். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அலுவலகக் காகிதங்களில் மட்டும் பிழைத்திருக்க, வீட்டிலும் வெளியிலும் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள் என்றே நிலைத்துவிட்டது. சின்னவளின் கணவர் காலமாகி, மகளும் வேலை கிடைத்து வெளிநாடு போன பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். பெரியவள் ஆட்டோவை அழைத்துக்கொண்டு போய்த் தங்கையைத் தூக்காத குறையாக மருத்துவமனையில் சேர்த்தாள்.

கட்டுப் போட்டு முடித்து, மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்த நர்ஸ் நல்ல பெண். பொறுமையாகப் பேசினாள். பெரியவளின் பக்கம் திரும்பி, "அம்மாவைக் கொஞ்ச நாள் மாடி ஏத்தாதீங்க. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க. வயசானவங்க, வலின்னு சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பார்த்துக்கணும்" என்றாள்.

முதலில் பெரியவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மாத்திரைச் சீட்டை அவசரமாக வாங்கிக்கொண்டாள். சின்னவள்தான் சக்கர நாற்காலியில் இருந்தபடி பெரிதாகச் சிரித்தாள். "சரியாச் சொன்னேம்மா. என் பொண்ணுக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லணும், ஒரு தடவையில ஏறாது" என்று நர்ஸின் கையைத் தட்டிக்கொடுத்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரியவளின் வீட்டுக்கு வந்ததும் அவள் கணவரிடம் நடித்தும் காட்டினாள்.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்கு ஒரு நிம்மதி, இன்ஸ்பெக்டரம்மா. கல்யாணத்துக்கு முந்தி வாசல்ல நிக்கறது யாருன்னு தெரியாம எத்தனை தடவை திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா? இனி அந்தக் குழப்பம் இல்லை" என்றார். சின்னவள் அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் காலை, தங்கைக்குக் கொடுத்திருந்த அறைக்குள் பெரியவள் தேநீரோடு போனபோது, அலமாரிக் கதவில் பதித்திருந்த நிலைக்கண்ணாடியின் மேல் ஒரு துண்டு தொங்கியது. காயப் போட்ட துண்டு என்று நினைத்து எடுத்து மடித்து வைத்தாள். மதியம் மறுபடி தொங்கியது. துண்டு ஈரமாக இல்லை.

அப்போதுதான் பெரியவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மகனின் கல்யாணப் படங்களில் சின்னவள் எங்கே? எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தாள். பேத்தி பிறந்த அன்று எடுத்த படத்தில்? படம் எடுத்ததே அவள்தான். இரட்டையராகப் பிறந்தவர்கள் சேர்ந்து நிற்கும் படம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கறுப்பு வெள்ளை.

அந்தப் படம், இருவரும் ஆபரேட்டர்களாக இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எடுத்தது.

அது எண்களைச் சுழற்றினால் தானாக இணைப்பு கிடைக்காத காலம். ஒருவர் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு சிறு விளக்கு எரியும். ஆபரேட்டர் வயரைச் செருகி, "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டு, அடுத்த வயரை அடுத்த துளையில் செருக வேண்டும். மாடியில் நீளமான ஒரே கூடம். சுவர் நெடுக ஆள் உயரத்துக்குச் செருகு போர்டுகள். அவற்றைப் பார்த்தபடி, வரிசையாக முதுகில்லாத நாற்காலிகளில் பெண்கள். காதில் ஹெட்போன். கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்ட வேண்டும் என்பது விதி. தாழக் கட்டினால் ஹெட்போன் பட்டை நிற்காது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அவர்களுக்குப் பின்னால் ரப்பர் செருப்போடு ஓசைப்படாமல் நடந்துகொண்டே இருப்பார் சூப்பர்வைசர் மேடம். "போர்டைப் பாரு. நான் எங்க இருக்கேன்னு நீ பார்க்க வேண்டாம்" என்பார். அது மட்டும்தான் அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் வாக்கியம்.

அந்தக் கூடத்தில் காற்றாடி சுற்றினாலும் சூடு குறையாது. அத்தனை போர்டுகளும் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால் இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் கட்டாயம் தண்ணீர் குடித்து முகம் கழுவ வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். குழாயடியில் வரிசை நிற்கும். சோப்பு கிடையாது, வெறும் தண்ணீர். துடைக்கவும் நேரம் கிடையாது. கைக்குட்டையை ஒற்றி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஹெட்போன் பட்டை உரசி எல்லோருக்கும் காதோரமும் பின்கழுத்தும் சிவந்து தடித்துப் போகும். சகோதரிகள் இருவரும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஒருத்தி கழுத்துக்கு இன்னொருத்தி எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அதுவும் ஈரம் காய்வதற்குள். காய்ந்த பிறகு தடவினால் பிசுக்கு, ஈரத்தோடு தடவினால் மெத்து என்று கண்டுபிடித்தது சின்னவள்.

தண்ணீர் குடிப்பது, சோப்பில்லாமல் முகம் கழுவுவது, எண்ணெய் தடவுவது என்று பெரியவளின் இன்றைய பழக்கங்கள் எல்லாம் அங்கே தொடங்கியவை. ஆனால் அவள் அவற்றை அழகுக்கென்று செய்ததில்லை. மணியடித்துப் பழகிய உடம்பு, மணி நின்ற பிறகும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

வாத்தியார் அவளைச் சந்திக்க ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். அவள் மாலை ஷிப்டில் இருக்கும் நாட்களில், காலை ஷிப்டு முடித்த சின்னவள் வீட்டுக்குப் போகாமல் அக்காவின் நாற்காலியிலும் உட்கார்ந்துகொள்வாள். பெரியவள் பின்படி வழியாக இறங்கிப் போவாள். சூப்பர்வைசர் பின்னாலேயே நடப்பார், நிற்பார், போய்விடுவார். ஒரு முறை மட்டும், "இன்னைக்கு இந்த நாற்காலி கொஞ்சம் வேகமா வேலை செய்யுதே" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? சகோதரிகள் இருவரும் இன்றுவரை அதை அலசி ஓய்ந்ததில்லை.

பிறகு தானியங்கி இயந்திரங்கள் வந்தன. போர்டுகளைக் கழற்றினார்கள். சகோதரிகளுக்கென்று இரண்டு இடங்கள் வந்தன: ஒன்று நிழலில் உட்கார்ந்து புகார் கேட்கும் மேஜை, இன்னொன்று தெருத் தெருவாகச் சுற்றி லைன்களைச் சரிபார்க்கும் வேலை. உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள் என்று அதிகாரி சொன்னபோது பெரியவளுக்கு வயிற்றில் குழந்தை. அவள் வாயைத் திறக்கும் முன்பே சின்னவள், "வெளி வேலை எனக்கு" என்று கையைத் தூக்கிவிட்டாள்.

அந்தக் கை அப்படியே வெயிலில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றது என்றுதான் பெரியவளுக்குத் தோன்றும். தங்கையின் கன்னத்தில் படர்ந்த கருந்திட்டுகளையும், கண்ணோரத்தில் விசிறி போல விரிந்த கோடுகளையும், காய்ந்த மண் மாதிரி வெடித்த உதட்டையும் பார்க்கும்போதெல்லாம், அவை தன் முகத்துக்கு வரவேண்டியவை, விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தவை என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு பேர் பங்கு வெயிலையும் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். தான் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கண்ணாடியில் துண்டு தொங்க ஆரம்பித்த அந்த வாரமே போன் வந்தது. பேசியவள் அந்தக் காலத்து ஆபரேட்டர்களில் ஒருத்தி. ஹெட்போன் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல். அதனால் ஒலிபெருக்கி என்று பெயர். பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மாடிக்கூடத்தை இப்போது கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். எல்லோரும் அங்கே ஒரு நாள் கூடலாமாம். சூப்பர்வைசர் மேடமும் வருகிறாராம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, நடை இருக்கிறது, நாக்கு இருக்கிறது, ஞாபகம்தான் வந்து வந்து போகிறதாம்.

பெரியவள் துள்ளிக் குதிக்காத குறை. "இந்தத் தடவை கேட்டே தீரணும்டி. நாம ஆள் மாறி உக்காந்தது அவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு."

"நீ போயிட்டு வா. கேட்டு வந்து சொல்லு" என்றாள் சின்னவள், கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே முகத்தைக் காட்டிட்டு வந்துடு. உன்னுதுதான் இன்னும் பழைய முகமாவே இருக்கு."

குரலில் சிரிப்பு இருந்தது. பெரியவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் சுருக்கென்றது. தங்கை வரமாட்டாள். இந்த முறை வராவிட்டால் இனி எதற்கும் பக்கத்தில் வந்து நிற்கமாட்டாள். கூட்டத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. தங்கையோ கட்டுப் போட்ட காலோடு கைக்கெட்டும் தூரத்தில், ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளே பெரியவள் ஆட்சியைக் கையில் எடுத்தாள்.

காலையில் எழுந்ததும் ஒரு செம்பு தண்ணீர். பிறகு சோப்பில்லாமல் முகம் கழுவுதல்; துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். உதட்டுக்கு நெய். தட்டில் பழம், காய், கீரை, ஊறவைத்த பாதாம். தேநீரைப் பாதியாகக் குறைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரையை இழுத்து மூடினாள். இருட்டியதும் விளக்கை அணைத்துப் படுக்கச் சொன்னாள். முற்றத்தில் துணி எடுக்கப் போனாலும் குடை.

"அக்கா, மேகம் மூடியிருக்கு" என்பாள் சின்னவள்.

"மேகத்துக்குப் பின்னாடி யார் இருக்கா? சூரியன் இல்லாம உன் அத்தானா? பிடி குடையை."

வாத்தியாருக்கு இந்த ஆட்சியில் நல்ல வேட்டை. முகத்துக்கு அரைக்க வைத்திருந்த வெள்ளரிக்காயை உப்புத் தூவித் தின்றார். கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்த தயிரைச் சோற்றில் பிசைந்துவிட்டு, "முகத்துக்குப் போடறது வயித்துக்கும் நல்லதுதானே? உள்ளே இருந்து வெளுக்கட்டும்" என்றார். வெளுக்க வைக்க அல்ல, ஆரோக்கியமாக வைக்க என்று பெரியவள் அவருக்கு வகுப்பெடுத்தாள். அவர் பின்வரிசை மாணவனைப் போலக் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியை மறைக்கப் போனை எடுத்து, சகோதரிகள் இருவரையும் படம் பிடிக்கப் பார்த்தார். சின்னவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. வாத்தியார் எடுக்கும் படம் எதுவும் உருப்பட்டதில்லை. "ரெடி" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்துக் கலைந்த பிறகுதான் அவர் விரல் பொத்தானைத் தேடிப் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சின்னவள் அக்காவை விடவில்லை. முகத்துக்கு எண்ணெய் தடவிவிட்டுக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனால், தாழக் கட்டிய கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அதை நான் பார்த்துக்கறேன். அது எனக்குப் பழக்கம்" என்று விலகிவிடுவாள்.

பலன் இல்லாமல் போகவில்லை. உதட்டு வெடிப்பு மூடியது. கையும் முழங்கையும் சொரசொரப்பு விட்டு மெத்தென்று ஆயின. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டரே, "ஓய்வு உங்களுக்கு ஒத்துக்கிட்டிருக்கு" என்றார். கருந்திட்டுகள் மட்டும் அங்கேயே இருந்தன. கோடுகளும் இருந்தன. முன்பு வறண்ட கோடுகள், இப்போது எண்ணெய் பூசிய கோடுகள். வேறு வித்தியாசம் இல்லை.

கூட்டத்துக்குச் சில நாட்களே பாக்கி. பெரியவள் பப்பாளியை மசித்துக்கொண்டு வந்து நின்றாள். சின்னவள் கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"போதும்க்கா. இது என்ன சுவரா, வெள்ளையடிச்சுப் புதுசாக்க?"

"எனக்காகப் போட்டுக்கோடி. எனக்கு வரவேண்டிய வெயிலையும் சேர்த்து நீதான் வாங்கினே. அன்னைக்கு மட்டும் என் வயித்துல குழந்தை இல்லைன்னா..."

சின்னவள் அக்காவை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு காலமாக இதையா மனதில் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: அந்தக் கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அவளுக்கு மூச்சு முட்டியதாம். குழந்தை ஒரு சாக்கு. இல்லாவிட்டாலும் அவள்தான் கையைத் தூக்கியிருப்பாள். விடிகாலையில் ஈரத் தெருவில் வண்டியை விட்டுக்கொண்டு போனதையும், கம்பத்தடியில் நின்று தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்ததையும், செத்துப் போன லைன் உயிர் பிடிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மணியடிக்கும் சத்தத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த கோடுகளெல்லாம் அசைந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று பெரியவளுக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது; பாதி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது, பாதி சிரித்தது.

"அப்புறம் ஏன்டி கண்ணாடியில துண்டைப் போடறே?"

சின்னவள் மேஜையில் இருந்த கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"என் வீட்டுல கண்ணாடிக்குத் துண்டு போட்டதில்லைக்கா. தனியா இருந்தா எனக்கு இந்த முகம் பிடிச்சுத்தான் இருக்கு. உன் பக்கத்துல நின்னாத்தான் இது கெட்டுப்போன முகமா ஆயிடுது. பார்க்கறவங்க உன்னைப் பார்த்துட்டு என்னைப் பார்க்கறாங்க. அடடா, இவ இப்படி இருந்திருக்க வேண்டியவன்னு நினைக்கறது எனக்குக் கேக்குது."

பெரியவள் பப்பாளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், நின்றபடியே அவ்வளவையும் தானே தின்றாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் வற்புறுத்தவில்லை. கூட்டத்தன்று காலை தான் மட்டும் தயாராகி, வழக்கமான தாழ்ந்த கொண்டையைப் பிரித்து, அந்தக் காலத்துக் கணக்கில் உச்சியில் தூக்கிக் கட்டினாள். விரல்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. வாசலுக்கு வந்தபோது அங்கே சின்னவளும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவளும் கொண்டையை உச்சியில்தான் கட்டியிருந்தாள். அதன்மேல் வெயிலில் சுற்றிய நாட்களில் கட்டும் துணியைத் தலையோடு கழுத்தோடு சுற்றியிருந்தாள்.

"கேக்கணும்னு ஆசையா இருக்கு. கேட்டதும் கிளம்பிடுவேன். படம் கிடம்னு யாராவது சொன்னா உன்னை விட்டுட்டே ஓடிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

அந்தக் கூடத்துக்கு இப்போது வேறு வண்ணம் அடித்திருந்தார்கள். ஜன்னல்களைப் பெரிதாக்கியிருந்தார்கள். போர்டுகள் நின்ற இடத்தில் மட்டும் சுவர் நெடுகத் தரை அன்று போட்டது போலப் பளிச்சென்று, மற்ற இடத்தை விட வெளிறிப்போய்க் கிடந்தது. வந்த பெண்கள் எல்லோரும் பேசுவதை விட்டு ஒரு முறை அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நடந்தார்கள்.

ஒலிபெருக்கி வாசலிலேயே பெரியவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அப்படியே இருக்கியேடி பாவி, என்னதான் சாப்பிடறே?" என்று கூவியவள், பின்னால் நின்றவளைப் பார்த்து, "மாமியாரையும் கூட்டிட்டு வந்துட்டியா? வாங்கம்மா, உள்ளே வந்து உக்காருங்க" என்றாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கிக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. சின்னவள் வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்தாள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு படியை நோக்கித் திரும்பினாள். பெரியவள் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்து நிறுத்துகிற உரிமை தனக்கு உண்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் படியேறி வந்தார் சூப்பர்வைசர். காலில் அதே மாதிரி ரப்பர் செருப்பு. கையில் தடி. கடைசிப் படியில் நின்று எல்லா முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்ணில் ஒரு மிரட்சி வந்தது.

"யார் நீங்கெல்லாம்? எனக்கு ஒருத்தரையும் தெரியலையே" என்றார். ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள், கன்னத்தைக் காட்டினார்கள், அன்று நடந்ததை நினைவுபடுத்தினார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போனார். கடைசியில் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்படி மூஞ்சியைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்போ உங்க மூஞ்சியைப் பார்த்தேன்? போய் அவங்கவங்க இடத்துல உக்காருங்க. போர்டைப் பார்த்து."

பேரன் பேத்தி எடுத்த பெண்கள் எல்லோரும் அந்தக் குரலுக்குப் பதறிப்போய், நாற்காலிகளை இழுத்து அந்த வெளிறிய தரைக்கு முன்னால் வரிசையாகப் போட்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். படியில் இறங்கப் போன சின்னவளின் கால்களும் தானாகத் திரும்பின. தன் இடம் எது என்று அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு போர்டில் உட்காரக் கூடாது என்பதும் நினைவு வந்து, அதை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் பின்னால் நடக்க ஆரம்பித்தார். ரப்பர் செருப்பு ஓசைப்படாமல் வந்தது. யாரும் திரும்பவில்லை.

"நீ கலெக்டர் ஆபீஸ் லைன் பார்த்தவ. தோளை ஒரு பக்கமாச் சாய்ப்பே, இன்னும் விடலை பார்." நகர்ந்தார். "நீ புதுசாக் கல்யாணமாகி வந்தவ. வேலை நேரத்துல அழுவே, கழுத்து சிவந்துடும்." இன்னும் நகர்ந்தார். "ஒலிபெருக்கி. உனக்குக் கழுத்தே கிடையாது, அதை வெச்சே சொல்லிடுவேன்." வரிசை முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சகோதரிகளுக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

வெகு நேரம் நின்றார். பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பின்கழுத்தில் குளிர்ந்த விரல் ஒன்று படுவதை உணர்ந்தாள். அந்த விரல் எடுபட்டுத் தங்கையின் கழுத்துக்குப் போனது; மறுபடி இங்கே வந்தது.

"இங்கேதான்" என்றார் சூப்பர்வைசர் மெதுவாக. "இங்கே வந்தாத்தான் நான் எப்பவும் தோத்துப்போவேன். அன்னைக்கும் முடியலை, இன்னைக்கும் முடியலை. எவ பெரியவ?"

இருவரும் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க மேடம்" என்றாள் சின்னவள்.

கிழவி இரண்டு கழுத்துகளையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு சின்னவளின் தோளில் தட்டி, "இவதான் பெரியவ" என்றார், தீர்மானமாக.

விதியை மீறி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியவளும் திரும்பிப் பார்த்தாள். உச்சிக் கொண்டைக்குக் கீழே தங்கையின் பின்கழுத்து. வருஷக் கணக்காகத் துணிக்கும் தாழ்ந்த கொண்டைக்கும் உள்ளே இருந்தது. அன்றாடம் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் கண்டது. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. அந்தக் கழுத்தில்தான் பெரியவள் எத்தனையோ மாலைகளில் எண்ணெய் தடவியிருந்தாள். அக்கா இல்லாத மாலைகளிலும் அந்த வேலை நிற்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அப்போ நாங்க ஆள் மாறி உக்காந்ததெல்லாம்?" என்றாள் பெரியவள்.

"தெரியும். என்னமோ நடக்குதுன்னு தெரியும். எவ இருக்கா, எவ ஓடிட்டான்னுதான் தெரியாது. தப்பா ஒருத்தியைத் திட்டிடக் கூடாதேன்னு ரெண்டு பேரையும் விட்டுட்டேன். ஒரு கழுத்து நாற்காலியில இருந்தாச் சரி." தடியை ஊன்றிக்கொண்டு அவர் சின்னவளைக் கேட்டார்: "ஓடினது நீதானே, பெரியவளே? அந்தக் கணக்கு வாத்தியைப் பார்க்க?"

"ஆமா மேடம், நான்தான்" என்றாள் சின்னவள். சகோதரிகளைக் கூட்டி வந்து கூடத்தின் ஓரத்தில் நின்ற வாத்தியார் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அதற்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் படம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சொன்னபடி ஓடிவிடுவாளோ என்று. சின்னவள் ஓடவில்லை. "எல்லாரும் சுவரைப் பார்த்து உக்காருங்கடி. மேடத்துக்கு ஒரு படம் குடுத்தா, வீட்டுல வெச்சு யார் யாருன்னு அடையாளம் பார்த்துப்பாங்க" என்றாள். யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மறுபடி வரிசை. மறுபடி முதுகுகள். வாத்தியார் போனை எடுத்தார்.

"ரெடி" என்றார்.

பெரியவள் நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கொண்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். வாத்தியாரின் விரல் வழக்கம் போலப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. விதி விதிதான் என்று அவள் திரும்பவில்லை.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வரிசையாகப் பின்கழுத்துகள். நடுவில் ஒரே ஒரு முகம். ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதன் மேல்தான். திட்டுகள், கோடுகள், ஆறிய உதடு எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. சின்னவள் நாற்காலியில் முழுதாகத் திரும்பி, எதிரே நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பெரியவள் இருக்கிறாள் என்பதற்கு ஒரு கழுத்துத்தான் சாட்சி.

வீட்டுக்கு வருகிறவர்கள், "இது யாரு? நல்ல களையான முகமா இருக்கே" என்று கேட்பார்கள். பெரியவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"நான்தான்" என்பாள்.